கொக்கி ஏறாத கூடை

கம்பளை மொத்தச் சந்தையில் நான் இருபத்திரண்டு வருடம் மூட்டை தூக்கினேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலை செய்கிறவர்களை நாட்டாமை என்பார்கள். நாட்டாமையிடம் இரண்டு சாமான் இருக்கும். தலையிலும் தோளிலும் போட்டுக்கொள்ள மடித்த சாக்கு ஒன்று, கையில் கொக்கி ஒன்று.

கொக்கி என்பது ஒரு சாண் இரும்பு. ஒரு பக்கம் மரப்பிடி, மறு பக்கம் வளைந்த கூர். மூட்டைக்குக் கைப்பிடி கிடையாது. உருளைக்கிழங்கு நிறைத்து வாய் தைத்த சாக்கை விரலால் பிடிக்க முடியாது, நகம்தான் பெயரும். கொக்கியைப் போட்டு இழுத்தால் மூட்டை நம்மை நோக்கிச் சாயும். சாயும்போதே குனிந்து முதுகைக் கொடுக்க வேண்டும். முதல் மாதத்திலேயே கை அதைப் பழகிவிடும். பழகிய பிறகு போடுவது ஒரு வேலை, இழுப்பது இன்னொரு வேலை என்று இருக்காது. இரண்டும் ஒரே வீச்சு.

இப்போது யோசித்தால் ஒன்று விளங்குகிறது. சாக்கைச் செய்தவர்கள் அதற்கு ஒரு கைப்பிடி வைத்துத் தைத்திருந்தால் எங்களுக்கு அந்த வேலையே இருந்திருக்காது. சாக்கின் குறைதான் எங்கள் சோறு. ஒரு மூட்டையில் எவ்வளவு நிறைப்பது என்பதையும் எங்கள் முதுகுதான் தீர்மானித்தது. நுவரெலியாவில் கரட் நிறைக்கிறவன், கம்பளையில் ஒருத்தன் எவ்வளவு தூக்குவான் என்று நினைத்துத்தான் நிறைத்தான். சாக்கை மிதித்து மிதித்து நிறைப்பார்கள். அடியில் கிடக்கும் கரட் உடையும், லீக்ஸ் நசுங்கும். பாதி குப்பைக்குப் போகும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. மரக்கறி என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் இருந்தார்கள்.

சந்தையில் எழுதாத ஒரு சட்டம் இருந்தது. எந்த மூட்டையில் எவன் முதலில் கொக்கி போடுகிறானோ அது அவனுடையது. புசல்லாவைப் பக்கமிருந்து லொறிகள் பதினொரு மணி வாக்கில் இறங்கி வரும். லொறி பின்னுக்கு வரும்போதே, நிற்பதற்கு முன்பே, நாங்கள் பின்பலகையில் பாய்ந்து ஏறுவோம். மழைக்காகப் படங்கு போட்டு மூடியிருப்பார்கள். படங்கை அவிழ்க்கும் வரை பொறுத்திருந்தால் மூட்டை மற்றவனுக்குப் போய்விடும். அதனால் இடது முட்டியைச் சுமையில் ஊன்றி, படங்குக்கு மேலேயே, எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே கொக்கியைப் போட்டு இழுப்போம். படங்கு கிழியும். டிரைவர் கத்துவான். அதற்குள் மூட்டை நம்முடையதாகிவிடும்.

இந்தச் சட்டத்தால் சிந்திய இரத்தம் கொஞ்சமல்ல. ஒரே மூட்டையில் இரண்டு கொக்கி விழுந்தால் அடிதான். ஒருத்தனுக்குக் காது கிழிந்து தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவன் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் மூட்டையை விடாமல் நின்றான். என் இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று இருக்கிறது. அது ஒரு முட்டைக்கோவா மூட்டைக்காகக் கிடைத்தது. கோடு போட்டவனோடு அன்றைக்குப் பின்னேரமே பிளேன்டீ குடித்தேன்.

எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். வாத்தியார் எழும்பி வாசிக்கச் சொன்னால், தெரிந்த பாடமும் வாயில் நின்றுவிடும். சந்தையில் அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. கூச்சப்படுகிறவனுக்குக் கொக்கி நல்ல துணை. "இது என்னுடையது" என்று வாயால் சொல்லத் தேவையில்லை.

என்னைச் சந்தைக்குக் கூட்டி வந்தது மச்சான். என் மனைவியின் அண்ணன். அவர் எனக்கு நேர்மாறு. வாய் ஓயாது. லொறி வரும் வரை எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். என்னைக் காட்டி, "எங்க மாப்ள வாயத் தொறக்குறது கொட்டாவிக்கு மட்டுந்தான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஊமன்னு நெனைச்சி எங்கம்மா அழுதுச்சி," என்பார். நானும் சிரிப்பேன். அவர் கேலியில் குத்தல் இருக்காது.

பிளாஸ்டிக் கூடை வரப் போகிறது என்று முதலில் சொன்னவரும் மச்சான்தான். நாங்கள் அதிகமாக இறக்கியது ஒரு முஸ்லிம் முதலாளியின் கடைக்கு. கம்பளையில் அவருடைய வாப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை. மச்சான் அவரிடம் உட்கார்ந்து கதைப்பார். ஒருநாள் முதலாளி எங்களையும் கூப்பிட்டு நீல நிறக் கூடை ஒன்றைக் காட்டினார். சதுரமாக, நாலு பக்கமும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. இரண்டு பக்கத்திலும் கை போடுவதற்கு வாய் வெட்டியிருந்தது.

"இது ஒன்னுக்கு மேல ஒன்னா அடுக்குற சாமான்," என்றார் முதலாளி. "மேல எத்தன அடுக்கினாலும் பாரம் கூடையிலதான் எறங்கும், கரட்ல எறங்காது. கண்டில பெரிய கடக்காரங்க இனி மூட்டைய எடுக்க மாட்டாங்களாம். கூடையில வந்தாத்தான் எடுப்பம்னு செல்றாங்க. நான் என்ன செய்யிற?"

எங்கள் நாட்டாமைச் சங்கத்தின் தலைவர் கூடையைத் தூக்கிப் பார்த்தார். கன்னத்தில் தாடியும் நெஞ்சில் சங்கம் எங்கள் எல்லோருக்கும் கொடுத்த செம்புத் தகடுமாக இருக்கும் பெரிய உடம்பு அவருக்கு. கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க, நானா, கொக்கி போடுறது?" என்று கேட்டார். முதலாளியை நாங்கள் எல்லோரும் நானா, அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

முதலாளி சிரித்துவிட்டார். "கொக்கி எதுக்கு? கை போடுறதுக்கு எடம் வச்சீக்குதே."

தலைவர் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்து, கொக்கியின் மரப்பிடியால் அதன் விளிம்பில் ஒரு அடி அடித்தார். கூடை உடையவில்லை. துள்ளிப் போய் விழுந்தது. கை போடுவதற்கு இடம் இருக்கிறது என்றால் யார் கையும் போடலாம். இரண்டு பொம்பளைகள் பிடித்தாலும் போதும். சில்லு வைத்த தள்ளுபலகை ஒன்று இருந்தால் ஒரு ஆளே எட்டுக் கூடையைத் தள்ளிக்கொண்டு போவான். எங்கள் முதுகு இனி யாருக்கு வேண்டும்? எல்லோருக்கும் அந்த இடத்திலேயே அது விளங்கிவிட்டது.

முதல் கூடை லொறி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. படங்கை அவிழ்த்ததும் நீல நிறமாக அடுக்கியிருந்ததைப் பார்த்தோம். யார் முதலில் கூப்பாடு போட்டார்கள் என்று தெரியவில்லை. டிரைவரை இழுத்துக் கீழே போட்டோம். அவர் சிங்கள ஆள், வயது அறுபதுக்கு மேல் இருக்கும். தான் ஓட்டி வந்தவன் மட்டும்தான், சாமான் தன்னுடையது இல்லை என்று சிங்களத்தில் கெஞ்சினார். ஒருத்தன் அவர் வயிற்றில் மிதித்தான். நான் கொக்கியைத் திருப்பிப் பிடித்து மரப்பிடியால் அவர் தோளில் அடித்தேன். இரண்டு தரம் அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் பிடி வழியாக என் கைக்குள் வந்தது. அவருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்லை. அதை எழுதாமல் விட்டால் பிறகு நான் எழுதுவது எதையும் யாரும் நம்பத் தேவையில்லை.

கூடைகளைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் எரிந்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒழுகுகிற ஒவ்வொரு சொட்டும் நெருப்பாகவே விழும். கறுத்த புகை எழும்பி ரயில் பாதைப் பக்கம் போனது. சந்தை முழுதும் கரட் வெந்த வாசம். அந்தப் புகைக்குள் மச்சான் புகுந்தார். டிரைவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி முதலாளி கடைக்குள் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, பற்றாமல் கிடந்த கூடை இரண்டை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

"என்னய்யா செய்யுற?" என்று தலைவர் கத்தினார்.

"எரிச்சா நாளைக்கி வராம போயிருமா?" என்றார் மச்சான். "நாளைக்கி ரெண்டு லொறி வரும். நான் கூடையத் தூக்கப் போறேன். வாரவங்க வாங்க. கொக்கிய வச்சிக்கிட்டு சொவரத்தான் கொத்தணும் இனி."

அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். கூப்பிட்டார் என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு, அத்தனை பேர் முன்னால் என்னைக் கேவலப்படுத்துகிறார் என்று நினைத்தேன். எனக்கே தெரியாமல் வாய் திறந்தது.

"நீ எங்கள வித்துட்ட," என்றேன்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சந்தையில் நான் உரக்கச் சொன்னது அது ஒன்றுதான். மச்சானை நீ என்று சொன்னதும் அன்றைக்குத்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசாத ஒருவன் பேசினால் யாரும் அதை மறப்பதில்லை.

அதற்குப் பிறகு நானும் மச்சானும் கதைக்கவில்லை. அவர் கொக்கியை விட்டுவிட்டு முதலாளியிடம் கூடைக்காரராகச் சேர்ந்தார். இரண்டு தரம் அவரை அடித்தார்கள். ஒரு தரம் தள்ளுபலகையின் சில்லைக் கழற்றி அதாலேயே அடித்தார்கள். உதடு வீங்கி வந்து, மறுநாளும் கூடை தூக்கினார். நான் தடுக்கவில்லை. அடிக்கவுமில்லை. வீட்டில் என் மனைவி, "எங்கண்ணன அடிக்கையில நீங்க எங்க நின்னீங்க?" என்று கேட்டாள். மிளகாய்க் கடைப் பக்கம் நின்றேன் என்றேன். அது உண்மைதான். மிளகாய்க் கடையிலிருந்து எல்லாம் தெரியும்.

அந்த நாட்களில் லொறிகள் கலந்து வந்தன. அடியில் மூட்டை, மேலே கூடை. அல்லது ஒரு பக்கம் மூட்டை, மறு பக்கம் கூடை. கூடை இருப்பது தெரிந்தால் நாங்கள் கலகம் செய்வோம் என்று படங்கை இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல மழை. லொறி பின்னுக்கு வந்தது. நான் பாய்ந்து ஏறினேன். படங்கில் தண்ணீர் தேங்கியிருந்தது. என் முன்னால் ஒரு மூலை புடைத்துத் தெரிந்தது. இடது முட்டியை ஊன்றி, கொக்கியை ஓங்கிப் போட்டேன்.

அது கூடை. கொக்கி ஏறவில்லை. விளிம்பில் பட்டுச் சறுக்கியது. சாக்கு கொக்கியை வாங்கிக்கொள்ளும், ஒரு மெத்தென்ற நிறுத்தம் கைக்குத் தெரியும். பிளாஸ்டிக் அதை வாங்காமல் தள்ளிவிட்டது. மறு பக்கத்தில் படங்கைத் தூக்கி, உள்ளே கையை விட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றது மச்சான். எனக்கு அவருடைய கை தெரியவில்லை. கொக்கி சறுக்கிப் போய் எதிலோ ஏறியது. மெத்தென்ற அந்த நிறுத்தம் என் கைக்குத் தெரிந்தது.

நான் இழுத்தேன்.

அலறலைக் கேட்ட பிறகும், இழுப்பு முடியும் வரை கை நிற்கவில்லை. படங்கோடு சேர்ந்து மச்சானுடைய கை வெளியே வந்தது. புறங்கையில் ஏறிய கூர், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கிழித்துக்கொண்டு வந்து நின்றது. வெள்ளையாக நரம்பு தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. மழைத் தண்ணீரோடு இரத்தம் பின்பலகையிலிருந்து என் காலில் ஊற்றியது. மச்சான் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "எடு மாப்ள, எடு, எடு," என்று மட்டும் சொன்னார். எனக்கு எடுக்கத் தெரியவில்லை. முதலாளி ஓடி வந்து, "அல்லாவே, கழுத்தில பட்டா மௌத்தாப் போயீப்பானே!" என்று கத்திக்கொண்டே தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கிழித்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று.

சங்கத்தில் ஒரு விதி இருந்தது. எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். கொக்கியின் கூர்முனையை மட்டும் வேண்டுமென்று ஆளின் மேல் போடக் கூடாது. போட்டவன் மறுபடி சந்தைக்குள் கால் வைக்க முடியாது. என் செம்புத் தகட்டை அன்றைக்கே கழற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொலிஸ் கேட்டபோது மச்சான் தவறுதலாகப் பட்டது என்று சொன்னாராம். அதை ஒருவரும் நம்பவில்லை. தங்கையின் குடித்தனத்தைக் காப்பாற்ற அப்படிச் சொல்கிறான் என்றார்கள். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை எல்லோர் காதிலும் இருந்தது. இதில் கூத்து என்னவென்றால், கூடையை எரித்தவர்களே, கூடை தூக்கிய மச்சானை அடித்தவர்களே, இப்போது அவர் பக்கம் நின்று என்னைக் காறித் துப்பினார்கள். சந்தைச் சந்தில் இரண்டு பேர் என்னைச் சுவரோடு சாய்த்து, கீழே விழும் வரை அடித்தார்கள். அவர்களும் ஒரு மாதத்துக்கு முன் மச்சானுடைய உதட்டை வீங்க வைத்தவர்கள்தான்.

வெளி அடி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என் மனைவி உடுப்பு இரண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள். வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். என் முகமும் வீங்கித்தான் இருந்தது.

"கொக்கி தவறிப் பட்டுச்சின்னு நான் நம்புறேன்," என்றாள். "பட்ட பொறகு ஏன் இழுத்தீங்க?"

எனக்கே தெரியவில்லை. கொக்கி போட்டால் இழுப்பது கை செய்கிற வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மனதில் கோபம் இருந்ததும் எனக்குத் தெரியும். கோபத்தில் இழுத்தேனா, பழக்கத்தில் இழுத்தேனா? வீட்டில் தனியாக இருந்து வெறும் கையை ஓங்கி ஓங்கிப் பார்த்தேன். போட்டுவிட்டு நிறுத்த முடிகிறதா என்று பார்த்தேன். வெறும் கை நின்றது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தினமும் மச்சான் வீட்டிலிருந்து சோறு வந்தது. பக்கத்து வீட்டு ஆள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அதோடு ஒரு சொல்லும் வரவில்லை.

மூன்று வாரத்துக்குப் பிறகு சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். சாமான் இறக்கி முடிந்த பின்னேரம், சந்தை நடுவிலேயே. என் தகட்டைத் திருப்பித் தருவதா இல்லையா என்று பேச்சு. என்னை நடுவில் நிறுத்தினார்கள். மச்சான் கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். என் மனைவி கூட வந்து தேத்தண்ணிக் கடை ஓரத்தில் நின்றாள்.

"ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லு," என்றார் தலைவர். ஐம்பது அறுபது பேர் என்னையே பார்த்தார்கள். எனக்கு வாத்தியார் முன்னால் நின்றது போல இருந்தது. வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் தலைவர். "தவறிப் பட்டா கைய வெடுக்குன்னு விட்டுருவான் மனுசன். இவன் இழுத்திருக்கான்."

மச்சான் எழும்பினார். "தலைவரே, நீங்க கடைசியா கொக்கி போட்டு எத்தன வருசம்? சங்கத்துக்கு வந்த பொறகு நீங்க தூக்குறது தேத்தண்ணி கிளாஸ் மட்டுந்தானே?"

சிரிப்பு எழும்பியது. தலைவருக்கு முகம் கறுத்தது.

"இவன்கிட்ட ஒரு கொக்கியக் குடுங்க," என்றார் மச்சான். "வாயில வராது இவனுக்கு. கைய கேப்போம்."

வெறும் லொறி ஒன்று நின்றது. மச்சான் முதலாளி கடை ஆட்களை விட்டு அதில் சுமை வைக்கச் சொன்னார். என்னைத் திரும்பி நிற்க வைத்தார்கள். மூட்டை எது, கூடை எது என்று எனக்குத் தெரியாமல் வைத்து, எல்லாவற்றையும் ஒரே படங்கால் மூடினார்கள். பிறகு கொக்கியை என் கையில் கொடுத்தார்கள். அது என் கொக்கிதான். கழுவாமல் வைத்திருந்தார்கள். பிடியில் கறுப்பாகக் காய்ந்திருந்தது.

"லொறி இப்பத்தான் வருதுன்னு நெனைச்சிக்க," என்றார் மச்சான். "வரிசையா போடு. நிக்காத. மத்தவன் போட்டுருவான்."

நான் பின்பலகையில் ஏறினேன். கொஞ்சம் தள்ளி நின்றேன். என் கால் அந்த இடத்துக்குப் போகப் பயந்தது.

"அப்பிடி இல்ல," என்றார் மச்சான். "முட்டிய வையி. எப்பவும் வைக்குற மாதிரி நல்லா ஊனி வையி."

முட்டியை ஊன்றினேன். யாரோ பின்னாலிருந்து லொறிப் பலகையில் கையால் அடித்து, "வருது! வருது!" என்று கத்தினார்கள். லொறி வரும்போது மற்றவர்கள் வழக்கமாகக் கத்துவது போல. அந்தச் சத்தம் கேட்டதும் என் உடம்பு மாறிவிட்டது. கூட்டம், தகடு, மனைவி எல்லாம் பின்னால் போனது. முதல் புடைப்பில் போட்டேன். ஏறியது, இழுத்தேன், மூட்டை சாய்ந்தது. இரண்டாவதில் போட்டேன். ஏறியது, இழுத்தேன். மூன்றாவதில் ஓங்கிப் போட்டேன்.

விளிம்பில் பட்டு இரும்பு கீழே சறுக்கியது. என் முட்டிக்கு மேலே, தொடைச் சதையில் ஏறியது. மெத்தென்ற நிறுத்தம். வலி வருவதற்கு முன்னால் கை அந்த நிறுத்தத்தை வாங்கிக்கொண்டது.

நான் இழுத்தேன்.

என் சொந்தச் சதையை நானே இழுத்தேன். சாரம் கிழிவதும் தொடை கிழிவதும் ஒரே சத்தமாகக் கேட்டது. ஒரு சாண் தூரம் இழுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே விளங்கியது. அப்போதும் கை பிடியை விடவில்லை. நான் பலகையிலிருந்து தலைகீழாக விழுந்தேன். மண்ணில் கிடந்து கத்தினேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் வந்தது மச்சான். முட்டி போட்டு உட்கார்ந்து, நல்ல கையால் என் தொடையை அழுத்திப் பிடித்தார். விரலிடுக்கில் இரத்தம் வந்தது. கூட்டத்தைப் பார்த்து, மூச்சு வாங்க, "போதுமா? கையி நின்னுச்சா? சொந்தக் காலுக்கே நிக்கல. இன்னும் யாருக்காவது பாக்கணுமா?" என்று கேட்டார்.

முதலாளி, "போதும், போதும், வேன எடுங்க," என்றார். தலைவர் தகட்டை எடுத்து வந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், என் நெஞ்சின் மேல் வைத்தார். அது மண்ணில் உருண்டு விழுந்தது.

வேனில் என் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது என் மனைவி. பேராதனைப் பாலம் தாண்டியபோது என் வலது கையை எடுத்தாள். அது இன்னும் பிடியைப் பிடித்த மாதிரி மடங்கியே இருந்தது. ஒவ்வொரு விரலாக விரித்துவிட்டாள். கண்டியிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள்.

தையல் பிரித்த பிறகு காலில் ஒரு இழுப்பு நின்றுவிட்டது. முதுகில் மூட்டையோடு படி ஏற முடியாது. அதற்குள் மூட்டையும் குறைந்துவிட்டது. உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான் சாக்கில் வந்தன. மற்றதெல்லாம் கூடை. கூடையை எரித்தவர்களில் பாதிப் பேர் இன்று கூடை தூக்குகிறார்கள். மீதிப் பேர் கொழும்புக்குப் போனார்கள், தோட்டத்துக்குத் திரும்பினார்கள். சிலர் குடித்தே போய்விட்டார்கள். தலைவர் சங்கத்தை விட்டுவிட்டு அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறார். நாங்கள் அடித்த அந்தச் சிங்கள டிரைவர் பிறகு கம்பளைப் பக்கம் வரவே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாய் வந்திருக்குமா என்று தெரியாது.

ஒரு நீலக் கூடைதான் இதெல்லாம் செய்தது என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். கண்டியில் குளிரூட்டிய பெரிய கடையில், உடையாத கரட்டை எடுத்துத் திருப்பிப் பார்க்கிற யாருக்கும் எங்கள் சண்டை தெரியாது. தெரியவும் வேண்டாம். கரட் இப்போது முழுசாகத்தான் போகிறது. அது நல்லது என்று எனக்கும் தெரியும். கைப்பிடி வைத்தவன் நல்லதைத்தான் நினைத்து வைத்தான். எங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கொக்கி இருந்தது அவனுக்குத் தெரியாது.

இப்போது நானும் மச்சானும் முதலாளி கடையில் ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். என் கால் ஒரு பக்கம் இழுக்கும், அவர் கையில் மூன்று விரல். தனியாக இரண்டு பேருமே உதவாதவர்கள். கூடைக்கு இரண்டு பிடி இருப்பதால் சேர்ந்து தூக்குகிறோம். அவருடைய மூன்று விரலும் அந்தப் பிடிக்குள் சரியாகப் போகிறது. சாக்காக இருந்திருந்தால் அவர் வீட்டில்தான் இருந்திருப்பார்.

ஒரு விசயம் மட்டும் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் நான் தள்ளி நின்றேன். முட்டியை வை என்று சொன்னது அவர். நன்றாக ஊன்றி வை என்றார். கூடையில் போட்டால் கொக்கி கீழேதான் சறுக்கும் என்று, கூடையோடு பழகிய அவருக்குத் தெரியாமல் இருக்குமா? மனைவியிடம் கூட இதைச் சொல்லவில்லை. போன மாசி மாதம் ஒருநாள், லீக்ஸ் கூடை ஒன்றின் ஒரு பக்கம் நானும் மறு பக்கம் அவருமாகக் குனிந்திருந்தபோது கேட்டுவிட்டேன். கூடைக்கு மேலே எங்கள் இரண்டு பேருடைய முகமும் கிட்டக் கிட்ட இருந்தது. வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"மச்சான், அன்னைக்கி முட்டிய வைக்கச் சொன்னீங்களே. தெரிஞ்சா சொன்னீங்க?"

அவர் நிமிரவில்லை. சிரிக்கவுமில்லை. பிடிக்குள் போட்டிருந்த மூன்று விரலையும் பார்த்தார்.

"நீ தெரிஞ்சா இழுத்த?" என்று கேட்டார்.

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

"தூக்கு மாப்ள," என்றார். தூக்கினோம்.